வேலையில் இருந்துகொண்டே ரிவ்யூவும் போட்டோவும் போடுவது எப்படி? குமரி மாவட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டி ஒரு செல்ஃபி. மூன்றாவது மாதம், சூப்பர்வைசரோடு முட்டிக்கொண்ட ராத்திரி, கூகுள் மேப்பில் அதே கடைக்கு ஒற்றை ஸ்டார். நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இது பழக்கமாகிவிட்டது. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. அவசரத்தில் எழுதுவதால்தான் வம்பு வருகிறது. நாகர்கோவில் ஜவுளிக்கடையோ, மார்த்தாண்டம் ஆஸ்பத்திரியோ, கன்னியாகுமரி லாட்ஜோ, அண்டி ஆபீஸோ (முந்திரிப் பருப்பு ஆலை), மீன்வலைக் கம்பெனியோ, காலையில் ரயிலேறி திருவனந்தபுரம் கழக்கூட்டம் டெக்னோபார்க் போய்வருகிற ஐடி வேலையோ, எங்கே சேர்ந்திருந்தாலும் கீழே உள்ள வரிசைப்படி போனால் நிம்மதியாக எழுதலாம்.

முதலில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் படித்து யார், என்ன செய்ய வேண்டும்? அடுத்து அங்கே வேலைக்கு வரப்போகிற ஒரு பையனோ பெண்ணோ படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்றால் அது ரிவ்யூ. பிடித்து வைத்த சம்பளம் கைக்கு வர வேண்டும், கழிப்பறைக்குக் கதவு போட வேண்டும் என்றால் அது புகார். புகாரைக் கொண்டுபோய் ரிவ்யூவில் கொட்டினால் சம்பளமும் வராது, கதவும் வராது. எழுதியது யார் என்று விசாரிக்கத்தான் ஆள் வரும். புகாருக்கான இடங்களைப் பிறகு சொல்கிறேன்.

பெயர் போடாமல் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்கிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்புப்படி இந்த மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல். எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதாவது நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறோம், எல்லோரும் படிக்கவும் செய்வோம். முதலாளியும் உங்கள் சித்தப்பாவும் ஒரே கோயில் கமிட்டியிலோ, ஒரே சர்ச் பங்கிலோ இருப்பார்கள். எட்டுப் பேர் வேலை பார்க்கும் கடையில் ‘பெயர் சொல்ல விரும்பாத ஊழியர்’ யார் என்று கண்டுபிடிக்க அரை நாள் போதும். போதாததற்கு, தோவாளைக்காரர் எழுதுவதும் விளவங்கோட்டுக்காரர் எழுதுவதும் ஒரே மாதிரி இருக்காது. நாலு வரியிலேயே ஊர் தெரிந்துவிடும்.

வெளிநாட்டு இணையதளம் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். நியூசிலாந்தின் சூரு என்ற பொம்மைக் கம்பெனியைப் பற்றி கிளாஸ்டோர் என்ற ஊழியர் ரிவ்யூ தளத்தில் பெயரில்லாமல் எழுதியவர்களின் விவரங்களைக் கொடுக்கும்படி 2022-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள நீதிமன்றம் அந்தத் தளத்துக்கே உத்தரவு போட்டது. ஆகவே ஒரே அளவுகோல்தான். முதலாளி நேரில் வந்து ‘இது நீ எழுதினதா?’ என்று கேட்டால் ‘ஆமா சார்’ என்று சொல்ல முடிகிற வரிகளை மட்டும் எழுதுங்கள்.

ஆர்டரைப் படியுங்கள், சர்டிபிகேட்டைக் கையில் வாங்குங்கள்

கொஞ்சம் பெரிய கம்பெனி என்றால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு இருபது பக்க விதிமுறை ஒன்றும் வரும். எல்லோரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: ரகசியம் காப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது, சமூக ஊடகத்தில் கம்பெனி பெயரைப் பயன்படுத்தலாமா, வேலை இடத்தில் போன் எடுக்கலாமா. ‘கம்பெனிக்கு அவப்பெயர் உண்டாக்கினால் ஒழுங்கு நடவடிக்கை’ என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து எழுதாமலேயே இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வரி இருப்பது தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

நம் ஊரில் பாதி இடங்களில் ஆர்டரே கிடையாது. ‘நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துரு மக்களே’ என்பதுதான் ஆர்டர். அப்படிப்பட்ட இடத்தில் ஒருமுறை வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள்: ‘சார், கடைக்குள்ள போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா?’ அவர் சரி என்றாலும் கூடாது என்றாலும் பதில் எழுத்தில் இருக்கும். பின்னால் யாராவது கேட்டால் காட்டலாம்.

அப்புறம் சர்டிபிகேட். தனியார் ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் ரிலீவிங் ஆர்டரும் இல்லாமல் ஒன்றும் நகராது. இந்தக் காகிதங்கள் அவர்கள் அலமாரியில் இருக்கும்போது கடுமையான ரிவ்யூ எழுதுவது புத்திசாலித்தனம் இல்லை. காகிதம் கைக்கு வரட்டும், ஸ்கேன் எடுத்து வையுங்கள், பிறகு எழுதுங்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்லுகிற நண்பர் யாராவது இருந்தால், அவருடைய சர்டிபிகேட் எங்கே இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள்.

எங்கே எழுதுவது?

எல்லோரும் முதலில் போவது கூகுள் மேப். அங்கேதான் போகக் கூடாது. வேலை பார்க்கிற இடத்தைப் பற்றியோ, முன்பு வேலை பார்த்த இடத்தைப் பற்றியோ ஊழியர் அனுபவத்தை அங்கே எழுதுவது கூகுளின் விதிப்படி நலன் முரண், அதாவது சொந்த லாப நஷ்டம் கலந்த கருத்து. அது வாடிக்கையாளருக்கான இடம். சட்டை நன்றாக இருந்ததா, சாப்பாடு சூடாக இருந்ததா என்று சொல்லுவதற்கு. கடைக்காரர் புகார் கொடுத்தால் உங்கள் ரிவ்யூவைத் தூக்கிவிடுவார்கள். வேறு பெயர் வைக்காதவரை உங்கள் கூகுள் கணக்கின் பெயரும் படமும் அதன் மேலேயே நிற்கும். பெயரைத் தட்டினால் நீங்கள் போன வருஷம் எந்தப் புரோட்டா கடைக்கு எத்தனை ஸ்டார் போட்டீர்கள் என்பதுவரை, மறைத்து வைக்காவிட்டால், எல்லோருக்கும் தெரியும்.

இதே விதி மறுபக்கமும் பாயும் என்பது பல முதலாளிகளுக்குத் தெரியாது. ‘எல்லாரும் போனை எடுங்க, நம்ம கடைக்கு அஞ்சு ஸ்டார் போடுங்க’ என்று காலை மீட்டிங்கில் சொல்வது சகஜம். சொந்த ஊழியர் போடுகிற ஐந்து ஸ்டாரும் விதிமீறல்தான். வாடிக்கையாளருக்கு ஒரு பேனாவோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ வாங்குவதும் அப்படியே. போலி ரிவ்யூ என்று கூகுள் கண்டால் அந்தக் கடையின் பக்கத்தில் புது ரிவ்யூ வராமல் தடுத்துவைக்கவும், எச்சரிக்கை வாசகம் போடவும் செய்யும். ஆகவே மறுக்க ஒரு நல்ல வழி உண்டு: ‘சார், ஸ்டாஃப் போட்டா கூகுள் தூக்கிடும், கடைக்குத்தான் கெட்ட பேரு. பில் போட வர்ற கஸ்டமர்ட்ட சும்மா கேட்டுப் பாக்கலாம்.’ இதைச் சொன்னால் அவர் உங்களை மெச்சவும் கூடும்.

இன்ஸ்டாகிராமில் கடையின் புதுப் புடவையைப் புகழ்ந்து ரீல்ஸ் போடச் சொன்னால் போடலாம். ஆனால் ‘நான் இங்கே வேலை பார்க்கிறேன்’ என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். விளம்பரம் செய்பவருக்கும் பொருளை விற்பவருக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் 2022 விளம்பர வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வேலை உறவும் அந்தத் தொடர்பில் சேரும்.

ஊழியர் அனுபவத்துக்கென்றே உள்ள தளங்கள் ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர், இண்டீட் போன்றவை. ஆம்பிஷன்பாக்ஸில் சம்பளம், வேலைப் பாதுகாப்பு, பதவி உயர்வு, கற்றுக்கொள்ளும் வாய்ப்பு என்று தனித்தனியாக மதிப்பெண் போடலாம். ஒரே ஸ்டாரில் எல்லாவற்றையும் அமுக்குவதைவிட இது நியாயமானது, சம்பளம் குறைவாக இருந்தாலும் தொழில் நன்றாகக் கற்றுத்தருகிற இடங்கள் நிறைய உண்டு. டெக்னோபார்க் கம்பெனிகளும் பெரிய ஜவுளிக்கடைகளும் இந்தத் தளங்களில் கிடைக்கும். கருங்கல் சந்திப்பில் உள்ள பேக்கரி கிடைக்காது. அந்த மாதிரி சின்ன இடத்தைப் பற்றி எழுத நல்ல பொது இடமே கிடையாது என்பதுதான் உண்மை. வேலை கேட்டு வருகிறவரிடம் சாயா குடிக்கும்போது நேரில் சொல்லிவிடுங்கள். அந்த ரிவ்யூவுக்கு எந்தத் தளமும் ஈடாகாது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். அங்கே முதலாளியின் மச்சான் இருப்பார்.

ரிவ்யூவில் என்ன எழுதுவது?

கோபத்தில் வருகிற ரிவ்யூ இப்படி இருக்கும்:

‘ஃப்ராடு கம்பெனி. ஓனர் ஒரு திருடன். மேனேஜருக்கு மூளையே இல்ல. யாரும் போயிறாதீங்க!!!’

இதைப் படித்து வேலைக்கு வரப்போகிறவருக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. சம்பளம் எவ்வளவு, லீவு உண்டா, நிற்க வேண்டுமா, உட்காரலாமா, ஒன்றும் தெரியாது. வக்கீலுக்கோ இதில் நல்ல வேட்டை. ‘திருடன்’ என்பது ஒரு குற்றச்சாட்டு. நிரூபிக்கச் சொன்னால் நிரூபிக்க வேண்டும். அதே ஆள் ஆற அமர எழுதினால் இப்படி வரும்:

‘சேல்ஸ் பிரிவில் ஒரு வருடத்துக்குக் குறைவாக வேலை பார்த்தேன். நேரம் காலை 9.30 முதல் இரவு 9 வரை. ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் சமயங்களில் அதற்கும் மேலே போகும். அதற்குத் தனியாகப் பணம் எனக்குத் தரவில்லை. வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு, ஞாயிறு கிடைக்காது. சம்பளம் சில மாதங்கள் 10-ஆம் தேதி தாண்டி வந்தது. மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். துணி வகைகளை அடையாளம் காணச் சீனியர் அக்காமார் பொறுமையாகச் சொல்லித்தந்தார்கள். விற்பனை கற்றுக்கொள்ள நினைக்கும் புதியவர்களுக்கு ஒரு வருடம் இருக்கலாம். குழந்தை உள்ளவர்களுக்கு நேரம் ஒத்துவராது.’

இது மாதிரிக்காக எழுதியது. இதில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஆனால் முதலாளி படித்தால் நெளிவார். ‘எனக்குத் தரவில்லை’ என்று இருக்கிறது, ‘யாருக்கும் தரமாட்டார்கள்’ என்று இல்லை. உங்களுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். அடுத்தவர் சம்பளக் கவர் உங்களுக்குத் தெரியாது. நல்லதும் கலந்திருக்கிறது. வெறும் பாராட்டும் வெறும் திட்டும் இரண்டையும் படிக்கிறவர் நம்ப மாட்டார்.

கடை, ஆலை வேலைகளில் பலர் எழுத மறந்துபோகிற விஷயம் இருக்கை. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த காலம் ஒன்று உண்டு. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று ஆக்கினார்கள். ஸ்டூல் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதில் உட்கார்ந்தால் ஃப்ளோர் மேனேஜர் முறைக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் எழுதுங்கள். குடிதண்ணீர், கழிப்பறை, பெண்களுக்கு ராத்திரி பஸ் கிடைக்கிற நேரத்தில் விடுகிறார்களா என்பதெல்லாம் சம்பளத்துக்குச் சமமான தகவல். கன்னியாகுமரி லாட்ஜ் வேலை என்றால் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர் கூட்டம் வரும்போது டூட்டி எப்படி மாறும் என்று ஒரு வரி போடுங்கள். ஆடியில் சேர்ந்தவருக்கு அது தெரிந்திருக்காது.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பற்றி எழுதுமுன் சரிபாருங்கள். சம்பளத்தில் பிடித்தும் கட்டவில்லை என்று கேள்விப்பட்டதை வைத்து எழுதுகிறவர்கள் அதிகம். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யுஏஎன் எண்ணோடு இணைந்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை எஸ்எம்எஸ்ஸில் வரும். பாஸ்புக்கைத் திறந்தால் மாதவாரியாகவே தெரியும். கட்டியிருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். கட்டவில்லை என்றால் அது ரிவ்யூவில் அடக்குகிற விஷயமே இல்லை, பி.எஃப். அலுவலகத்துக்குப் போக வேண்டியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாக. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500-க்குப் பதில் இதுதான். இரண்டு வருடம் வரை சிறை, அபராதம், அல்லது சமூக சேவை என்று தண்டனை. தனி மனிதரை மட்டும் இல்லை, கம்பெனியை அவதூறு செய்தாலும் இதே பிரிவுதான். உண்மையைச் சொன்னேன் என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்பதும் சேர வேண்டும். அதனால்தான் அடுத்து வருகிறவருக்குப் பயன்படும் தகவலாக எழுதச் சொல்கிறேன். மேனேஜரின் குடும்ப விஷயம் உண்மையாகவே இருந்தாலும் அதில் யாருக்கு என்ன நன்மை?

போட்டோ

எழுத்தைவிட இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். எழுதும்போது நாம் யோசிக்கிறோம். போட்டோவில் நம் முகம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம்.

நைட் டூட்டியில் நர்சிங் ஸ்டேஷனில் நின்று எடுத்த செல்ஃபி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்னால் இரண்டு சிஸ்டர்கள் சிரிக்கிறார்கள். பின்னால் வெள்ளைப் பலகை. அதில் பெட் நம்பர், நோயாளி பெயர், வயது, டாக்டர் பெயர், என்ன நோய், நாளைக்கு என்ன ஆபரேஷன். போனில் இரண்டு விரலால் விரித்தால் எல்லாம் படிக்கலாம். பக்கத்து மேசையில் திறந்து கிடக்கும் கேஸ் ஷீட், அதன் ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் போன் நம்பர். நம் மாவட்டத்தில் பெயரும் ஊரும் இருந்தால் போதும், ஆள் யார் என்று தெரிந்துவிடும். இத்தனைக்கும் அந்தச் சிஸ்டர்கள் எந்தக் கெட்ட எண்ணத்திலும் எடுக்கவில்லை. எச்ஐவி உள்ளவர் யார் என்று வெளியே தெரியும்படி செய்வதை 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது. அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று போட்டோ போட்ட பிறகு நினைவுபடுத்திப் பிரயோஜனம் இல்லை.

அதனால் எடுத்த படத்தைப் போடுவதற்கு முன் பெரிதாக்கி, நான்கு மூலைகளிலிருந்தும் பாருங்கள். நகைக்கடை என்றால் ட்ரேயில் உள்ள எடைச் சீட்டு, லாக்கர் இருக்கும் பக்கம், சிசிடிவி மானிட்டர், கண்ணாடியில் விழும் பிம்பம். ஜவுளிக்கடை பில்லிங் கவுன்டர் என்றால் திரையில் வாடிக்கையாளரின் போன் நம்பர். ஐடி கம்பெனி என்றால் திறந்திருக்கும் லேப்டாப், மானிட்டரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டில் பாஸ்வேர்டு. ஐடி கார்டு செல்ஃபி என்றால் கார்டில் உள்ள பார்கோடும் ஊழியர் எண்ணும். கார்டைத் திருப்பிப் போட்டு எடுத்தாலே போதும், கழுத்தில் கயிறு தெரியும், பெருமைக்கு அது காணும்.

மறைப்பதற்கு ஹைலைட்டர் பேனாவால் கருப்பு அடிக்காதீர்கள். அது முழுசாக மறைக்காது. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் அடியில் உள்ள எண் மேலே வரும். முழுக் கருப்புப் பெட்டி வைத்து மூடி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுங்கள். போட்டோவுக்குள் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடம் நீங்கிவிடும், டாகுமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்து வைப்பது எளிது.

மற்றவர் முகம் விழுந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். அண்டி ஆபீஸில் வரிசையாக உட்கார்ந்து தொலி நீக்கிக்கொண்டிருக்கும் அக்காமாரின் படம் அழகாகத்தான் வரும். தோட்டெண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களோடு தங்கள் முகம் ஊரெல்லாம் சுற்றுவதை அவர்கள் விரும்புகிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கைகளை மட்டும் எடுத்தால் வேலையின் கஷ்டம் இன்னும் நன்றாகத் தெரியும். கழிப்பறை, உடை மாற்றும் அறை ஆகியவற்றுக்குள் போனையே எடுக்க வேண்டாம், காலியாக இருந்தாலும். ‘முப்பது பெண்களுக்கு ஒரே கழிப்பறை, தாழ்ப்பாள் இல்லை’ என்று எழுதினால் போதும்.

சம்பள சிலிப்பைப் படமாகப் போடவே போடாதீர்கள். தொகையைச் சொல்ல வேண்டுமென்றால் எழுத்தில் சொல்லுங்கள்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஸ்கிரீன்ஷாட் மறையாது.

சில இடங்களில் போனைப் பையிலேயே வையுங்கள்

மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தாலும் நம் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். கான்ட்ராக்ட்டில் வெல்டிங் வேலைக்குப் போனவராக இருந்தாலும் அங்கே படம் எடுப்பது விளையாட்டில்லை. 1923-ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் யாருக்கும் பொருந்தும். மணவாளக்குறிச்சி மணல் ஆலை மத்திய அரசு நிறுவனம், அங்கும் கேட்காமல் எடுக்காதீர்கள். மாநில அரசு ஊழியர் என்றால் 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் உண்டு. அரசின் முடிவை விமர்சித்து முகநூலில் எழுதுவது தனிக் கதை, அதற்கு இந்தக் கட்டுரை போதாது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படம் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வேண்டாம். குழந்தைகள் இல்லத்தில் வேலை என்றால் கண்டிப்பாக வேண்டாம்; பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் விமானம் ஏறும்போதே பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சைபர் சட்டப்படி, சம்மதம் இல்லாமல் ஒருவரைப் படம் எடுத்துப் பகிர்ந்தால் குறைந்தது ஆறு மாதம் சிறை, ஒன்றரை லட்சம் திர்ஹாம் முதல் அபராதம், அல்லது இரண்டும். லேபர் கேம்ப் அறையில் கூடப் படுத்திருப்பவர் படத்தை ஊருக்கு அனுப்புவதும் இதில் வரலாம். ஊரில் இருக்கும் தம்பி அதை முகநூலில் போட்டுக் கம்பெனி பெயரையும் எழுதிவிட்டால் மாட்டுவது அங்கே இருக்கும் அண்ணன்தான்.

எப்போது போடுவது?

சண்டை நடந்த அன்று எழுதுங்கள், ஆனால் போனின் நோட்ஸில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துப் படித்தால் பாதி வரிகளை நீங்களே அழிப்பீர்கள். ‘நேற்று’, ‘போன செவ்வாய்க்கிழமை’ போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள், அன்று டூட்டியில் யார் இருந்தார் என்று ரிஜிஸ்டர் சொல்லிவிடும். கம்பெனி கம்ப்யூட்டரிலிருந்தோ கம்பெனி வைஃபையிலிருந்தோ கம்பெனி மெயில் ஐடியிலிருந்தோ போட வேண்டாம். ஒருமுறை போட்டால் ஒரு ரிவ்யூதான். நாலு பெயரில் நாலு கணக்கு தொடங்கிப் போட்டால் எல்லாமே போலியாகத் தெரியும், உங்கள் உண்மையும் அதோடு போய்விடும்.

பிறகு அங்கே நிலைமை மாறினால் ரிவ்யூவைத் திருத்துங்கள். ஸ்டூல் போட்டுவிட்டார்கள் என்றால் தேதியோடு ஒரு வரி சேருங்கள்.

புகார் என்றால் எங்கே போவது?

சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்பது விதி. வரவில்லை, ஓவர்டைம் தரவில்லை, குறைந்தபட்சக் கூலி தரவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகம். ஆலையில் இயந்திரத்துக்குத் தடுப்பு இல்லை, புகை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். பி.எஃப். விஷயத்துக்கு நாகர்கோவிலிலேயே மண்டல அலுவலகம் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், அல்லது 1100-க்கு அழையுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

இங்கேதான் நீங்கள் எடுத்த போட்டோக்களுக்கு உண்மையான வேலை. பொதுவில் போடாமல் மனுவோடு இணையுங்கள். ஒரிஜினல் படத்தைத் திருத்தாமல், எடுத்த போனிலேயே வையுங்கள். நாளைக்கு வழக்கு என்றால் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டிவரும், அப்போது அந்தப் போன் தேவைப்படும்.

பாலியல் தொந்தரவு என்றால் இன்னும் கவனம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சின்ன இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு புகாரின் விவரத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் பெயரையும் வெளியிடுவதை பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013 சட்டத்தின் 16-ஆவது பிரிவு தடுக்கிறது. தோழிக்கு ஆதரவு என்று நினைத்து அவள் பெயரோடு பதிவு போடுகிறவர்கள் அவளுக்குத்தான் கெடுதல் செய்கிறார்கள்.

மிரட்டலோ வக்கீல் நோட்டீஸோ வந்தால்

‘66ஏ-ல உள்ளே தள்ளிருவேன்’ என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. அவதூறு, ஜாமீனில் வரக்கூடிய குற்றம்; வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது, புகார்க்காரர் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதன் கவரையும் சேர்த்துப் பத்திரமாக வையுங்கள், வந்த தேதியைக் குறியுங்கள். ரிவ்யூவை அவசரமாக அழிக்குமுன் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கமென்ட்டில் சண்டை போடாதீர்கள், மேனேஜருக்கு ராத்திரியில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதீர்கள். எழுதியதில் ஒரு வரி தப்பு என்று தெரிந்தால் அந்த வரியை நீக்கிவிட்டு, நீக்கியதை எழுத்தில் தெரிவிக்கலாம். முழுவதையும் நீக்கி மன்னிப்புக் கடிதம் கொடுப்பதா என்பதை வக்கீலிடம் கேட்டபின் முடிவு செய்யுங்கள். வேலை போய்விடும் என்று மிரட்டி வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. போகும்போது நோட்டீஸ், ரிவ்யூவின் ஸ்கிரீன்ஷாட், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் இல்லாதவர்கள் ‘ஒன்பது மணிக்கு வா’ என்ற அந்த வாட்ஸ்அப் மெசேஜையாவது அழிக்காமல் வைத்திருங்கள், அங்கே வேலை பார்த்ததற்கு அதுவும் ஒரு ஆதாரம்.